முன் வைத்த காலைப் பின் வைக்கலாம்

"வெளிநாட்டுல ஒரு குடும்பத்தோட தங்கிப் படிச்சீங்களே, அது எப்படி இருந்துச்சு?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறேன். குறிப்பா குளிர்காலம், ஸ்கீ, ஈஸ்டர் லீவு.

என்னோட 17 வயசுல, மாணவர் பரிமாற்றத் திட்டத்துல ஒரு வருஷம் நார்வேயில இருந்தேன். ஊர் பேரு லில்லெஹாம்மர். 1994 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர். ஹோஸ்ட் அப்பா, ஹோஸ்ட் அம்மா, ஒன்பது வயசுல ஒரு தங்கச்சி. அங்க டீச்சரைக்கூட பேர் சொல்லித்தான் கூப்பிடணும். எனக்கு வாயே வரல. ரெண்டு மாசம் "எக்ஸ்கியூஸ் மீ"ன்னே ஓட்டினேன்.

நார்வேக்காரங்க காலில் ஸ்கீயோடதான் பிறக்கிறாங்கன்னு அவங்களே சொல்லிப்பாங்க. ஸ்கீன்னதும் நமக்கு மலை உச்சியிலிருந்து சர்ருன்னு இறங்குறதுதான் ஞாபகம் வரும். அங்க வீட்டுக்கு வீடு இருக்கிறது வேற வகை. சமவெளி, மேடு, காடு எல்லாத்துலயும் நடக்கிற மாதிரி போறது. ஸ்கீ ஒல்லியா, நீளமா இருக்கும். ஷூவோட முன்பக்கம் மட்டும்தான் அதுல மாட்டியிருக்கும், குதிகால் ஃப்ரீ. ஒரு காலை உதைச்சு, இன்னொரு காலில் வழுக்கிக்கிட்டுப் போகணும்.

இதுல ஒரு சமையல் ரகசியம் மாதிரி விஷயம், மெழுகு. உதைக்கும்போது ஸ்கீ பின்னாடி வழுக்காம பனியைப் பிடிக்கணும், அதே ஸ்கீ முன்னாடி வழுக்கவும் வேணும். அதுக்காக ஸ்கீயோட நடுப்பகுதியில மட்டும் பிடிப்பு மெழுகு தேய்ப்பாங்க. கடுங்குளிர்னா பச்சை, கொஞ்சம் குறைஞ்சா நீலம், பூஜ்யம் டிகிரி பக்கத்துல வந்தா ஊதா, சிவப்பு. ஹோஸ்ட் அப்பா காலையில காபி குடிக்கிறதுக்கு முன்னாடி ஜன்னல்ல இருக்கிற தெர்மாமீட்டரைத்தான் பார்ப்பாரு.

என் கோச் அந்த ஒன்பது வயசுத் தங்கச்சி. முதல் பாடமே விழறது எப்படின்னுதான். பக்கவாட்டுல விழணும். அப்புறம் ரெண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்கா வெச்சு, முட்டி போட்டு எழணும். நான் விழுந்ததை அவ எண்ணுவா. முதல் நாள் 23.

டிசம்பர்ல மதியம் மூன்றரை மணிக்கே இருட்டிடும். ஆனா யாரும் வீட்டுக்குள்ள முடங்கிக் கிடக்க மாட்டாங்க. ஊரை ஒட்டின காட்டுப் பாதைகள்ல விளக்கு போட்டிருக்கும். ஆபீஸ் முடிச்சிட்டு வந்து, நம்ம ஊர்ல பார்க்ல வாக்கிங் போற மாதிரி அதுல ஸ்கீ போவாங்க. கிறிஸ்துமஸ்ல முக்கியமான நேரம் 24ஆம் தேதி சாயங்காலம். அரிசியைப் பால்ல வேகவெச்சு ஒரு கஞ்சி, அதுக்குள்ள ஒரே ஒரு பாதாம். யார் தட்டுல வருதோ அவங்களுக்கு மார்சிபன்ல செஞ்ச பன்னிக்குட்டி பரிசு. அப்புறம் எல்லாரும் கை கோத்து மரத்தைச் சுத்திப் பாட்டு. வார்த்தை புரியல, ஆனா கும்மி மாதிரி இருந்துச்சு. நானும் சுத்தினேன்.

இப்போ ஈஸ்டர். ஊரே காலியாகி மலைக்குப் போயிடும். அங்க குடும்பத்துக்குன்னு ஒரு சின்ன மரவீடு இருக்கும், 'ஹிட்டே'ன்னு சொல்வாங்க. எங்களோடது ஷூஷோயன்ங்கிற இடத்துக்குப் பக்கத்துல. குழாய்த் தண்ணி கிடையாது, பனியை உருக்கணும். கக்கூஸ் வெளியில, தனிக் கொட்டகை. மைனஸ் பத்துல ராத்திரி அங்க போறதுதான் உண்மையான குளிர்கால விளையாட்டு!

ஈஸ்டருக்கு மூணு சாமான் கட்டாயம்: ஆரஞ்சுப் பழம், க்விக் லுன்ஷ்ங்கிற சாக்லேட், அப்புறம் ஒரு கொலைக் கதை. ஆமா, கொலைக் கதைதான். 1923ல ரெண்டு பேர் சேர்ந்து எழுதின ரயில் கொள்ளை நாவலுக்கு, பேப்பர் முதல் பக்கத்துல செய்தித் தலைப்பு மாதிரியே விளம்பரம் போட்டாங்க. நிஜமாவே ரயில் கொள்ளை போயிடுச்சுன்னு ஜனங்க பதறிட்டாங்களாம். அதிலிருந்து ஈஸ்டர்னா க்ரைம் நாவல்னு ஆயிடுச்சு.

அந்த சாக்லேட் உறையைப் பிரிச்சா, உள்பக்கம் மலைக்குப் போறவங்களுக்கான ஒன்பது விதிகள் அச்சாகி இருக்கும். 1967 ஈஸ்டர் லீவுல நார்வே மலைகள்ல 18 பேர் இறந்துபோனாங்க. அதுக்கப்புறம் செஞ்சிலுவைச் சங்கமும் மலையேற்றச் சங்கமும் இந்த விதிகளை நாடு முழுக்கக் கொண்டுபோனாங்க. எட்டாவது விதி இதுதான்: நேரத்தோட திரும்பு, திரும்புறதுல அவமானம் இல்லை.

நாங்க போன மூணாவது நாள் ஒரு குன்று வரைக்கும் போய் வர்றதா பிளான். காலையில பளிச்சுன்னு வெயில். பாதி வழியில மேகம் இறங்கிடுச்சு. பாதைக்கு அடையாளமா பனியில குச்சி நட்டிருப்பாங்க. ஒரு குச்சிகிட்ட நின்னு பார்த்தா அடுத்த குச்சி தெரியல. வானமும் தரையும் ஒரே வெள்ளை. ஹோஸ்ட் அப்பா நின்னாரு. ஒவ்வொருத்தர்கிட்டயும் "எப்படி இருக்க? விரல் எல்லாம் உணர்வு இருக்கா?"ன்னு கேட்டாரு. அப்புறம் சாதாரணமா, "சரி, திரும்பலாம்"னாரு. இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான் பாக்கி.

எனக்கு மனசே சரியில்லை. கூட்டத்துலயே மெதுவா வந்தது நான்தான். விருந்தாளியா வந்து அவங்க லீவைக் கெடுத்துட்டோமோன்னு ஒரு குறுகுறுப்பு. ராத்திரி கேட்டே விட்டேன், "என்னாலதானே திரும்பினோம்?"

அவரு பதில் சொல்லல. அலமாரியிலிருந்து ஒரு தடி நோட்டை எடுத்தாரு. அந்த மரவீட்டோட டைரி. யாரு வந்தாலும் என்ன செஞ்சாங்கன்னு அதுல எழுதணும். அவரோட அப்பா எழுதின பக்கங்களைக் காட்டினாரு. "மூடுபனி. ஆத்துவரை போய்த் திரும்பினோம். வாஃபிள் சாப்பிட்டோம்." "பலத்த காத்து. திரும்பினோம். சீட்டு விளையாடினோம்." பக்கத்துக்குப் பக்கம் திரும்பினது இருக்கு. உச்சிக்குப் போன நாளும் அதே எழுத்து, அதே அளவு. எதுக்கும் விளக்கம் இல்லை, மன்னிப்பு இல்லை.

"இன்னைக்கு உன் முறை"ன்னு பேனாவைக் கொடுத்தாரு. தமிழ்லயே எழுதச் சொன்னாரு. "மேகம் இறங்கிடுச்சு. திரும்பினோம். ஆரஞ்சு சாப்பிட்டோம்"னு எழுதினேன். அந்த வீட்டுல நான் விருந்தாளி இல்லைன்னு எனக்குத் தோணினது அப்போதான்.

நாம 'முன் வைத்த காலைப் பின் வைக்காதே'ன்னு கேட்டு வளர்ந்தவங்க. பிடிக்காத கோர்ஸை மூணாவது வருஷமும் படிக்கிறோம், உடம்பைக் கெடுக்கிற வேலையில ஒட்டிக்கிட்டு இருக்கோம். திரும்பினா ஊர் என்ன சொல்லும்னு பயம். அந்த விதியில 'நேரத்தோட'ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அதுதான் முக்கியம். திரும்பி வர்றதுக்குத் தெம்பு மிச்சம் இருக்கும்போதே முடிவு எடுக்கணும். அந்தக் குன்றும் எங்கயும் ஓடிப் போகல. ரெண்டு நாள் கழிச்சு, தெளிஞ்ச வானத்துல போயிட்டு வந்தோம்.

ஹோஸ்ட் குடும்பத்தோட தங்கப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். "எப்படி இருக்க?"ன்னு அவங்க கேட்டா, மரியாதைக்காக "நல்லா இருக்கேன்"னு சொல்லாதீங்க. குளிருதுன்னா குளிருது, முடியலைன்னா முடியலை. மலையில அந்தப் பதிலை வெச்சுத்தான் எல்லாருக்குமான முடிவை எடுக்கிறாங்க. மத்தபடி கையுறை ரெண்டு ஜோடி எடுத்துக்கோங்க, ஒரு ஜோடி கண்டிப்பா நனையும்.

நீங்க பாதியில திரும்பி வந்து நல்லதா முடிஞ்ச கதை ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!