மோர்வான் காட்டில் ஒரு மிதிவண்டிப் பாதை

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



களப்பயணம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பிரான்சில் நான்கு நாள் சைக்கிள் ஓட்டியதைப் பற்றிப் பேசப்போகிறேன். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. நம் பள்ளிச் சுற்றுலாவில் பேருந்து விடியற்காலையில் கிளம்பும். ஒரு கோயில், ஒரு அணை, ஒரு அருங்காட்சியகம், இரவில் வீடு. நடுவில் இருக்கும் நூறு கிலோமீட்டரில் பிள்ளைகள் பாட்டுப் பாடுவார்கள், இல்லையென்றால் தூங்குவார்கள். அந்த நூறு கிலோமீட்டரில்தான் பாடம் கிடக்கிறது என்பது என் கட்சி.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். கிராவல் சைக்கிள் என்பது பந்தய சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவில் வந்த ஒரு வகை. கைப்பிடி பந்தய வண்டியைப் போல வளைந்திருக்கும். டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அளவில் அகலமாக இருக்கும். தார்ச்சாலையிலும் போகலாம், சரளையிலும் மண்பாதையிலும் போகலாம். நம் ஊர்ப் பழைய கறுப்பு சைக்கிளின் 28 × 1½ டயர் ஏறக்குறைய இதே அகலம்தான். ஆக, வாய்க்கால் கரையில் பால் கேன் கட்டிப்போன நம் தாத்தாக்கள் எல்லோரும் பெயர் தெரியாமலே கிராவல் ஓட்டியவர்கள்தான்.

என் தம்பி லியோனில் வேலை பார்க்கிறான். அவனோடு வாடகை வண்டியில் போனேன். இடம் பர்கண்டிப் பகுதியில் உள்ள மோர்வான். கருங்கல் மேடுகளும் காடும் ஏரிகளும் கலந்த நிலம். உச்சி 901 மீட்டர். 1970 முதல் அது வட்டார இயற்கைப் பூங்கா. வடமேற்கில் கிளாம்சி என்ற ஆற்றங்கரை ஊரில் தொடங்கி, தெற்கே ஓட்டன் நகரில் முடித்தோம். சுமார் 180 கிலோமீட்டர். கையில் 1:25,000 அளவைத் தாள் வரைபடம். ஒரு சென்டிமீட்டருக்கு 250 மீட்டர். செல்போனிலும் வழி இருந்தது. ஆனால் சமவுயரக் கோடுகள் நெருங்கி வருவதைத் தாளில் பார்த்துவிட்டு, அடுத்த நிமிடம் அதையே தொடையில் உணர்வது வேறு விஷயம். புவியியல் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கிளாம்சியில் யோன் ஆறு ஓடுகிறது. பாரிஸ் நகரம் குளிர் காய்வதற்கான விறகு, 16ஆம் நூற்றாண்டிலிருந்து சுமார் 300 ஆண்டுகள் இந்த ஊர் வழியாகத்தான் போயிற்று. மோர்வான் காட்டில் மரத்தை வெட்டி, 1.14 மீட்டர் நீளத் துண்டுகளாக்கி, முனையில் உரிமையாளரின் முத்திரையைச் சுத்தியலால் அடிப்பார்கள். ஓடைகளில் துண்டுகளைத் தள்ளிவிட்டு, மேலே தேக்கி வைத்த குளத்து மதகைத் திறப்பார்கள். வெள்ளம் விறகை அடித்துக்கொண்டு வரும். கிளாம்சியில் அதைக் கரையேற்றி, முத்திரை பார்த்துப் பிரித்து அடுக்குவார்கள். அந்த வேலையில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். பிறகு நீண்ட தெப்பங்களாகக் கட்டிப் பாரிசுக்கு ஓட்டுவார்கள். தெப்பக்காரர்கள் திரும்பி வந்தது கால்நடையாக. நிலக்கரியும் ரயிலும் வந்ததும் இந்தத் தொழில் நின்றது.

இதே ஊரில் 1866இல் பிறந்தவர் ரொமேன் ரோலண்ட். 1915ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பரிசு பெற்றவர். காந்தியடிகளைப் பற்றியும் இராமகிருஷ்ணர், விவேகானந்தர் பற்றியும் ஐரோப்பியர்களுக்கு எழுதியவர். அவருடைய காந்தி நூல்தான் மேடலின் ஸ்லேடு என்ற ஆங்கிலப் பெண்ணைச் சபர்மதிக்குக் கொண்டுவந்தது. நாம் அவரை மீராபென் என்று பாடத்தில் படிக்கிறோம். கிளாம்சியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெஸ்லேயில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1944 டிசம்பரில் அங்கேயே காலமானார். பிறந்த ஊருக்கும் இறந்த ஊருக்கும் நடுவே ஒரு காலைப்பொழுது மிதிதூரம்தான்.

வெஸ்லே ஒரு குன்றின் மேல் இருக்கும் சிற்றூர். உச்சியில் மகதலேனா மரியாள் பேராலயம். 1146இல் இரண்டாம் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுக்கப்பட்டது இங்கேதான். 1979 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி: ஜூன் 21 வாக்கில் சூரியன் உச்சிக்கு வரும்போது, தெற்குச் சன்னல்கள் வழியாக விழும் ஒளி, ஆலயத்தின் நடுப்பாதையில் வட்டு வட்டாக ஒரே வரிசையில் விழும். பிரான்சின் கோடைகாலக் கடிகாரத்தில் அப்போது பகல் 1.45 ஆகியிருக்கும். ஏன் 12 இல்லை என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்; ஒரு பாடவேளை போதாது.

அங்கிருந்து தெற்கே திரும்பினால் காடு. காரே-லே-தோம்ப் என்ற ஊரில், தேவாலயத்தைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட கல் சவப்பெட்டிப் பாகங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. இடைக்காலத் தொடக்கத்தைச் சேர்ந்தவை. சிற்றூருக்கு இத்தனை பெட்டி எதற்கு? செய்து விற்கும் இடமாக இருந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. பிள்ளைகள் விதவிதமாக ஊகிக்கட்டும்.

மூன்றாம் நாள் வந்த அலின்யி என்ற ஊரைச் சற்று நின்று சொல்ல வேண்டும். அங்கே செவிலித்தாய்களுக்கென்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. மோர்வான் ஏழை நாடு. 19ஆம் நூற்றாண்டில் இங்குள்ள இளம் தாய்மார்கள் தம் கைக்குழந்தையை ஊரில் விட்டுவிட்டு, பாரிஸ் பணக்கார வீட்டுக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கப் போனார்கள். எதிர்த்திசையில், பாரிசில் கைவிடப்பட்ட குழந்தைகளை அரசு இந்தக் கிராமங்களுக்கு அனுப்பியது. வளர்க்கும் குடும்பத்துக்கு மாதக்கூலி கிடைக்கும். ஊரார் அந்தப் பிள்ளைகளைச் ‘சின்னப் பாரிசுகள்’ என்றார்கள். காட்டு விறகு போன வழியில் தாய்ப்பாலும் போயிற்று. ஒரு தலைநகரம் எதைத் தின்று வளர்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஊரை நான் பார்த்ததில்லை. பேருந்தில் போயிருந்தால் வெஸ்லேயில் இறங்கி, படம் எடுத்துக்கொண்டு, நேரே ஓட்டனில் இறங்கியிருப்போம்.

அடுத்தது செத்தோன் ஏரி. இன்று படகுவிடும் சுற்றுலா இடம். ஆனால் இந்த அணையை 1850களில் கட்டியதில் விறகு மிதக்கத் தண்ணீர் கொடுக்கும் நோக்கமும் இருந்தது. கரையைச் சுற்றி ஓட்டும்போது கிளாம்சியில் பார்த்ததெல்லாம் மனதில் வந்து ஒட்டிக்கொண்டது.

இப்போது காட்டைப் பற்றி ஒரு கசப்பான செய்தி. நாங்கள் ஓட்டிய சரளைப் பாதைகள் பல, மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்டவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கே ஓக், பீச் மரங்களை அகற்றிவிட்டு டக்ளஸ் ஊசியிலை மரத்தைப் பெருமளவில் நட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மரம். வேகமாக வளரும், நல்ல விலை. வெட்டும்போது ஒரு சரிவு முழுவதையும் மொட்டையாக்குகிறார்கள். அடர்ந்த நிழலில் வந்துகொண்டிருந்த பாதை திடீரென்று வெட்டவெளியில் போய் விழும். கட்டைகளும் உழுத சேறும் மட்டும் இருக்கும். இதை எதிர்த்து ஊர்மக்கள் பணம் சேர்த்து, இலையுதிர் காட்டுத் துண்டுகளை விலைக்கு வாங்கிக் காப்பாற்றுகிறார்கள். வனத்துறையினரும் மரத்தொழிலாளர்களும் சொல்லும் நியாயமும் உண்டு. வீடு கட்ட மரம் வேண்டும், ஊருக்கு வேலை வேண்டும். நீலகிரியில் சீகையும் யூகலிப்டசும் வந்த கதை தெரிந்தவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. எனக்கு உறுத்தியது வேறு. அந்த லாரி இல்லையென்றால் என் சைக்கிளுக்குப் பாதை இல்லை.

கடைசி நாள் பொவ்ரே மலை ஏறினோம், 821 மீட்டர். மேலே பிப்ராக்ட், ஏடுவி என்ற கால் இனத்தாரின் தலைநகரம். கி.மு. 52இல் சீசருக்கு எதிரான போரின் தலைவராக வெர்சிஞ்செடோரிக்ஸ் இங்கேதான் உறுதிசெய்யப்பட்டார். அவர் தோற்ற பிறகு, சீசர் அதே ஊரில் குளிர்காலத்தைக் கழித்தார். பிறகு அகஸ்டஸ் காலத்தில் சமவெளியில் ஓட்டன் நகரம் எழுந்தது, மலையூர் காலியாயிற்று. ஏன் போனார்கள் என்று சைக்கிளில் அந்த மலை ஏறியவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே அகழாய்வு தொடங்கியது 1867இல்தான்.

நடைமுறைக்கு வருகிறேன். பிரான்சில் 2019 முதல் 6 வயது முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 10 மணிநேர மிதிவண்டிப் பயிற்சித் திட்டம் நடக்கிறது. முதலில் வண்டியைக் கட்டுப்படுத்துவது, அடுத்து மூடிய இடத்தில் மற்றவர்களோடு ஓட்டுவது, கடைசியில் உண்மையான சாலை. நம்மிடம் பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி இருக்கிறது; ஓட்டத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. அந்த மாணவர்களில் பத்துப் பேர், இரண்டு ஆசிரியர், எட்டுக் கிலோமீட்டர், நெடுஞ்சாலை தவிர்த்த பாதை, பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், ஒரு முதலுதவிப் பெட்டி, பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஒருவர். இது போதும். காட்டுக்குள் போவதானால் வனத்துறை அனுமதி கட்டாயம். ஆறாம் வகுப்பை நான் சாலைக்கு அழைத்துப்போக மாட்டேன். அவர்களுக்கு விளையாட்டு மைதானம் இருக்கிறது. வழியில் எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே நீங்கள் ஒருமுறை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த மடை எதற்கு, இந்த மரம் எங்கிருந்து வந்தது, இந்த ஊரிலிருந்து எது நகரத்துக்குப் போகிறது, இப்படி மூன்று கேள்வி இருந்தால் அரைநாள் ஓடிவிடும்.

ஓட்டனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று பார்க்கிறீர்கள். ரோமானிய வாயில்கள் இரண்டு இன்றும் நிற்கின்றன. ஒன்றின் கீழ் நாங்களும் ஓட்டிப் போனோம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் முற்றுகையில் சிதைந்த ஊர் இது. அதன் புகழ்பெற்ற பள்ளிகளும் இடிந்தன. கி.பி. 298 வாக்கில் யூமெனியஸ் என்ற ஆசிரியர் ஆளுநர் முன்னிலையில் ஒரு உரை நிகழ்த்தினார். அந்த உரை இன்றும் இருக்கிறது. பேரரசர் தமக்கு அளித்த ஊதியம் 6 லட்சம் செஸ்டர்ஸ் நாணயம் முழுவதையும் பள்ளியைக் கட்டத் தருவதாக அதில் அறிவித்தார். பள்ளித் தாழ்வாரச் சுவரில் உலக வரைபடம் இருப்பதையும் குறிப்பிட்டார். காதால் கேட்டு விளங்காததைப் பிள்ளைகள் அதில் கண்ணால் பார்த்துக் கற்பார்கள் என்பது அவர் காரணம். ஊர்ப்பெயர்கள், ஊர்களுக்கிடையே உள்ள தூரம், ஆறு எங்கே பிறந்து எங்கே சேர்கிறது, எல்லாம் அந்தச் சுவரில் இருந்தன.

நாங்கள் ஓட்டிய வழியைச் சிவப்பு மையில் குறித்த வரைபடத்தைப் பின்வரிசை மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் வந்து பாருங்கள்.