பெயரும் உடலும்



மன்னாரில் கத்தோலிக்கக் கிராமமொன்றில் பிறந்தவன் நான். கார்த்திகை மாதம் இரண்டாந் திகதி சேமக்காலைக்குப் போய், புல் செதுக்கி, மெழுகுதிரி ஏற்றுவது எங்கள் வழக்கம். எழுத்து அழிந்த சிலுவையைக் கண்டால், “இது ஆர் அப்பு?” என்று பாட்டனாரைக் கேட்பேன். அவர் பெயர் சொல்வார். அவர் போன பின்னர் அந்தப் பெயர்களும் போய்விட்டன.

2024ஆம் ஆண்டுக் கோடையில் பாரிஸ் நகருக்குப் போயிருந்தேன். லா சப்பலில் கடை வைத்திருக்கும் என் மருமகன், “மாமா, எழுத்தாளருக்கெல்லாம் இஞ்ச ஒரு சேமக்காலை இருக்குது, வாங்கோ” என்று அழைத்துப் போனான். அதுதான் பாந்தியோன். தேவாலயமாகக் கட்டப்பட்டு, புரட்சிக் காலத்தில், 1791இல், நாட்டின் பெருமக்களுக்கான சமாதி மண்டபமாக மாற்றப்பட்ட கட்டடம்.

நிலவறைக்குள் இறங்கினால் வால்டேரும் ரூசோவும் எதிரெதிரே துயில்கிறார்கள். வாழ்நாளில் ஒத்துப் போகாத இருவர்! அப்பால் ஓர் அறையில் விக்டர் ஹியூகோ, எமிலி சோலா, அலெக்சாந்தர் துய்மா ஆகிய மூவரும் ஒன்றாக இருக்கிறார்கள். கதை எழுதியவர்களுக்கு ஒரு தேசம் இவ்வளவு பெரிய வீடு கட்டிக் கொடுத்திருக்கிறதே என்று வியந்து நின்றேன்.

ஆனால், யார் பெரியவர் என்பதைத் தீர்மானிப்பது அதிகாரந்தான். முதன்முதலில் இங்கு அடக்கஞ் செய்யப்பட்ட மிராபோ, மன்னரோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்தது தெரியவந்ததும் 1794இல் வெளியேற்றப்பட்டார். தன் சொந்தச் சாதனைக்காக ஒரு பெண் இங்கே இடம்பெற 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் மேரி கியூரி. ஆர்மேனிய அகதியாய் வந்து, ஆலைத் தொழிலாளியாகவும் கவிஞராகவும் வாழ்ந்து, நாஜிகளை எதிர்த்துப் போராடி 1944இல் சுட்டுக் கொல்லப்பட்ட மிசாக் மனூசியனுக்கு இடங் கிடைத்தது 2024 பெப்ரவரியில். அவருடைய தோழர்களின் பெயர்களும் அங்கு பொறிக்கப்பட்டுள்ளன. என் மருமகன் அவ்விடத்தில் நெடுநேரம் நின்றான். “இவரும் எங்களை மாதிரி வந்தவர்தானே மாமா” என்றான்.

மேல் மண்டபத்துச் சுவரில், போர்களில் மாண்ட எழுத்தாளர்களின் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. ‘குட்டி இளவரசன்’ எழுதிய செந்த் எக்சுபெரியின் பெயர் தனியாக இருக்கிறது. 1944 ஜூலையில் விமானத்தோடு மத்தியதரைக் கடலில் மறைந்தவர் அவர். பல ஆண்டுகள் சென்று விமானத்தின் சிதைவு அகப்பட்டது. அவர் உடல் அடையாளங் காணப்படவில்லை. உடல் இல்லை, பெயர் இருக்கிறது.

அந்தச் சுவரின் முன் நிற்கையில் என் மனம் மன்னாருக்குத் திரும்பிவிட்டது.

1544இல் கிறிஸ்தவத்தைத் தழுவிய குற்றத்துக்காக, யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் மன்னாரில் அறுநூறுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்பது வரலாறு. தோட்டவெளியில் அந்த வேதசாட்சிகளின் நினைவாக ஆலயம் இருக்கிறது. கொல்வித்த அரசனின் பெயரைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். மாண்ட அந்த எளிய சனங்களைத் தொகையாக மட்டுமே நாம் அறிவோம்.

2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டிய இடத்தில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன, குழந்தைகளுடையவையும் இருந்தன. காணாமற்போன தம் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் அந்த வேலியோரம் வந்து நின்றார்கள். 2019இல் அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் அறிக்கை, அனுப்பப்பட்ட மாதிரிகள் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது. அவ்வறிக்கையைப் பலர் ஏற்கவில்லை. அந்தக் காலம் சரியென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், அவர்கள் யார் என்ற கேள்வி எஞ்சுகிறது. தாய்மாரின் கேள்வியும் அப்படியே எஞ்சுகிறது. இங்கே உடல் இருக்கிறது, பெயர் இல்லை. அந்தத் தாய்மாரிடம் பெயர் இருக்கிறது, உடல் இல்லை.

நேயர்களே, பளிங்கு மண்டபங் கட்ட நம்மிடம் வசதியில்லை. கட்டினாலும் யாரை வைப்பது, யாரை வெளியேற்றுவது என்ற சண்டைதான் மிஞ்சும். ஆனால் ஒரு கொப்பி வாங்க எல்லோராலும் முடியும். உங்கள் ஊரில் இறந்தவர், காணாமற்போனவர், கடலுக்குப் போய்த் திரும்பாதவர், எந்தச் சமயத்தவராயினும், எந்தப் பக்கத்தவராயினும், பெயரை எழுதுங்கள். தகப்பன் பெயர், தொழில், கடைசியாகக் கண்ட நாள், அவர் சொல்லிச் சிரித்த ஒரு பகிடி, இவற்றையும் எழுதுங்கள். எழுத்தாளர்தான் எழுதவேண்டும் என்பதில்லை.

திரும்பி வந்ததும் நான் ஒரு கொப்பி வாங்கினேன். பாட்டனார் சொன்ன பெயர்களில் பதினொன்றுதான் நினைவுக்கு வந்தன. மற்றவற்றைக் கேட்க இப்போது ஆளில்லை. உங்கள் வீட்டில் கேட்பதற்கு ஒருவராவது இருந்தால், இன்று இரவே கேட்டுவிடுங்கள்.