ஜவ்வு விலகினால் உடனே ஆபரேஷனா?

(டிரஸ்ட் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

"ஜவ்வு விலகிவிட்டது, ஆபரேஷனுக்கு உதவுங்கள்" என்று நம் டிரஸ்டுக்கு வரும் மனுக்கள் அதிகமாகிவிட்டன. ஸ்கேன் எடுத்த மறுநாளே மனு வருகிறது. கொஞ்சம் பொறுங்கள் என்றால், பணம் தர மனமில்லாமல் சொல்வதாக நினைக்கிறார்கள். அதனால்தான் வெளிப்படையாகப் பேசுகிறேன்.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது டிஸ்க். அதன் உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால், இடுப்பிலிருந்து கால்வரை வலி இறங்கும். பிதுங்கியதை உடம்பே மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தணிகிறது. வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் பிதுக்கம் தெரியும். படத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

நெதர்லாந்தில் 283 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2007-ல் வெளியானது. எல்லோருக்கும் 6 முதல் 12 வாரமாகக் கடுமையான கால்வலி. ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மறுபாதிக்கு மாத்திரையும் பயிற்சியும். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பக்கமும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனதையும் மறைக்கக் கூடாது.

ஆகவே ஆபரேஷன் தப்பு என்று சொல்லவில்லை. சவூதியிலிருந்து லீவில் வந்த பிள்ளைக்கு வலி சீக்கிரம் விடுவதே பெரிய காரியம். டாக்டரிடம் பேசி அவரே முடிவு செய்யட்டும்.

ஒன்றில் மட்டும் பொறுக்கவே கூடாது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனு பிறகு எழுதிக்கொள்ளலாம். நம் பெண்கள் வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

மற்றவர்கள் படுத்தே கிடக்காமல் முடிந்தவரை நடங்கள். முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லாதீர்கள். வாலிபத்தில் நானே மிதிக்கவிட்டு, பத்து நாள் எழ முடியாமல் கிடந்தவன்! குனிய முடியாதவர்கள் நாற்காலியில் தொழலாம், அதில் கூச்சம் வேண்டாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் முதலில் விசாரியுங்கள். அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வாருங்கள், ஃபாரம் நாங்கள் நிரப்பித் தருகிறோம். அதில் மிச்சமாகும் பணம் டயாலிசிஸுக்குக் காத்திருப்பவர்களுக்குப் போகும்.