காகிதமும் கணினியும்: அளக்கப்படுவது எது?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இவ்வுரைக்குக் காரணம். எழுபத்தெட்டு வயதான என் பாட்டனாரும் பத்து வயதான என் தங்கையும் தொடுதிரைக் கணினியில் வடிவப் புதிர்களுக்கு விடை கண்டனர். ஒவ்வொன்றுக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. தங்கை வென்றாள். "என்ரை மூளை தேய்ஞ்சு போச்சுது, தம்பி" என்றார் பாட்டனார். மறுநாள் அதே வகைப் புதிர்களைக் காகிதத்தில் வரைந்து, மணிக்கூட்டை அப்புறப்படுத்திவிட்டுக் கொடுத்தேன். ஒரு பிழையுமின்றி முடித்தார்.

நான் செய்தது ஆராய்ச்சி அன்று. திரையையும் நேரத்தையும் ஒருங்கே மாற்றிவிட்டேன்; முதல்நாட் பழக்கமும் அவருக்கு உதவியிருக்கும். ஆயினும் ஒரு கேள்வி எழுந்தது. அன்று அளக்கப்பட்டது அவரது அறிவா, விரலா?

இக்கேள்வி புதிதன்று. 1905 இல் பரிஸ் நகரில் அல்பிரட் பினேயும் சிமோனும் அமைத்த நுண்ணறிவுச் சோதனை, ஒரு பிள்ளையை எதிரே இருத்தி வினாவுவது. 1917 இல் அமெரிக்கப் படையினருக்காகக் கூட்டங் கூட்டமாக நடத்தக்கூடிய தாட் சோதனைகள் எழுந்தன. எழுத்தறியாதாருக்கெனப் 'பீற்றா' என்றொரு சோதனை செய்தனர். அதிலும் விடையைக் குறிக்கப் பென்சில் வேண்டியிருந்தது! பென்சில் பிடித்தறியாத உழவன் அன்று பட்ட பாட்டையே இன்று திரை முன் முதியவர் படுகின்றார்.

1993 இல் மீட், டிராஸ்கோ என்னும் இரு அறிஞர் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். சிந்தனைக்கு முதன்மை தரும் சோதனைகளில் காகிதப் புள்ளிக்கும் கணினிப் புள்ளிக்குமிடையே இணைபு 0.97, ஏறத்தாழ இரண்டும் ஒன்றே. விரைவையே அளக்கும் சோதனைகளிலோ அது 0.72 ஆகக் குறைந்தது. பேதம் வினாவில் இல்லை. கையிலும் கண்ணிலும் உள்ளது. அவர்கள் நோக்கியவை இளைஞரையும் வளர்ந்தோரையும் பற்றிய ஆய்வுகள். சிறுவருக்கும் முதியோருக்கும் அவ்வெண்களை அப்படியே பொருத்துதல் தகாது.

வயது ஏற ஏறச் செயல் விரைவு குறைகின்றது. சொல்வளமோ நெடுங்காலம் நிலைக்கின்றது. ஆகவே விரைவுச் சோதனையில் முன்னரே பின்தங்கும் முதியவர்க்குப் பழகாத கருவி இரட்டைச் சுமையாகும். மறுபுறம், எழுதப் பழகும் சிறு பிள்ளைக்குப் பென்சிலே சுமையாகலாம்.

கணினியை நான் குறை கூறவில்லை. அது எல்லோர்க்கும் ஒரே விதமாக வினாவும். காலத்தைத் துல்லியமாகக் கணிக்கும். விடைக்கேற்ப அடுத்த வினாவைத் தெரிந்து, சில வினாக்களிலேயே ஒருவர் தரத்தை அறியும். ஆனால் நுண்ணறிவு ஈவு என்பது ஒப்பீடு. ஒத்த வயதினரின் சராசரியை 100 எனக் கொண்டே அது கணிக்கப்படுகின்றது. காகிதத்திற் பெற்ற சராசரியைத் திரையிற் பெற்ற புள்ளிக்கு அளவுகோலாக்குமுன், இரண்டும் சமமென அவ்வவ் வயதினரிடம் நிறுவ வேண்டாமா?

அன்பர்களே, ஒரு புள்ளியைக் கொண்டு ஒரு பிள்ளையை 'மந்தம்' என்கின்றோம். ஒரு முதியவருக்கு 'நினைவு போய்விட்டது' என்கின்றோம். அச்சொல் அவர் வாழ்வையே மாற்றிவிடும். ஆதலின் புள்ளியைக் கேட்குமுன் மூன்றைக் கேளுங்கள்: எக்கருவியிற் சோதித்தனர்? எவ்வயதினரோடு ஒப்பிட்டனர்? பழகிக்கொள்ள அவகாசம் கொடுத்தனரா?

பாட்டனார் இப்போது தினமும் மாலையில் தங்கையிடம் திரை பழகுகின்றார். அவளோ அவரிடம் மனக்கணக்குப் பழகுகின்றாள். யார் கெட்டிக்காரர் என்று நாங்கள் இப்போது கேட்பதில்லை.