விசைப்பலகையும் என் வலக்கையும்

கணக்காளன் விரல் நோவைப் பற்றிப் பேச வந்துவிட்டான் என்று சிரிக்காதீர்கள்.

அவுஸ்திரேலியாவில் நிதியாண்டு யூன் 30இல் முடியும். தாமே வரிப்படிவம் அனுப்புவோருக்கு ஒக்டோபர் 31 கடைசி நாள். அந்த நான்கு மாதமும் என் வலக்கை இலக்கங்களோடுதான் சீவிக்கும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் அந்தக் கையால் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியவில்லை. வைத்தியர் முதலில் கேட்டது, "எப்படி ரைப் பண்ணுவீர்கள்?" என்றுதான்.

நான் பழகியது யாழ்ப்பாணத்தில், இரும்பு ரைப்ரைற்றரில். ஓங்கி அடித்தால்தான் காபன் தாளுக்குக் கீழேயும் எழுத்து விழும். அந்த அடி இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை. மலிவான விசைப்பலகைகளும் அதற்குத் துணை. அவற்றில் விசைக்கு அடியில் இருப்பது ரப்பர் குமிழ். அது நன்றாக நசுங்கினால்தான் எழுத்து வரும்.

மெக்கானிக்கல் விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்ச், தனிச் சுருள்வில். ஜேர்மனியின் செரி நிறுவனத்துச் சுவிட்சுகளுக்கு நிறம்தான் அடையாளம். சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும். பழுப்பில் பாதி வழியில் ஒரு சிறு மேடு விரலுக்குத் தெரியும். நீலம் 'டிக்' என்று சத்தமே போடும். விசை இறங்கும் ஆழம் 4 மில்லிமீற்றர். எழுத்துப் பதிய ஏறக்குறைய 2 போதும். அடிவரை குத்தத் தேவையில்லை.

பழைய ரைப்ரைற்றர் ஓசையில் ஆசைப்பட்டு முதலில் நீலம் வாங்கினேன். மூன்றாம் நாளே மனைவி அதைக் கராஜுக்கு அனுப்பிவிட்டார். சிவப்பில் விரல் பட்டாலே 5 என்பது 55 ஆகிவிடும். எங்கள் தொழிலுக்கு அது ஆகாது. கடைசியில் பழுப்புத்தான் ஒத்துவந்தது.

ஆனாலும் நோவு பாதிதான் குறைந்தது. மீதிக்குக் காரணம் சுவிட்ச் அல்ல. வலப்பக்கத்து இலக்கப் பகுதி மௌஸைத் தூரத் தள்ளிவிடுகிறது. நாள் முழுக்கத் தோளை விரித்துக் கை நீட்டியபடி இருந்திருக்கிறேன்! இலக்கப் பகுதி இல்லாத பலகையும், இடக்கைக்குத் தனி இலக்கப் பலகையும் வாங்கினேன். இடக்கை பழக ஆறு கிழமை எடுத்தது. பலகையின் பின்கால்களையும் மடக்கிவிட்டேன். நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும்.

வாங்க முன் கடையில் உங்கள் பெயரையும் முகவரியையும் பத்துத் தரம் அடித்துப் பாருங்கள். விரல் விறைத்தால் கடைக்கல்ல, வைத்தியரிடம் போங்கள்.

அந்த நீலப் பலகை இன்னும் கராஜில் கிடக்கிறது. தனி அறை உள்ள நேயர் எவருக்கும் வேண்டுமானால் நிலையத்தில் சொல்லிவையுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.