சொல்ல முடியாத வலியைக் கண்டறியும் படிப்பு

(லண்டனில் கூடிய ஆதரவாளர் கூட்டத்தில் இரு செவிலியர் ஆற்றிய உரை)



"நீங்கள் என்ன நர்ஸ்?" என்று சற்றுமுன் பலர் எங்களைக் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். இந்தியாவில் எல்லாரும் பொது நர்சிங் படித்தே பதிவு பெறுகிறார்கள். பிரிட்டனில் பெரியோர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என நான்கு பிரிவுகள் உண்டு. நாங்கள் நான்காவது பிரிவில் பயின்றவர்கள். இப்பிரிவு 2019-ல் தன் நூற்றாண்டைக் கொண்டாடியது.

கற்றல் குறைபாடு என்றவுடன், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளை எண்ணிவிட வேண்டாம். "மனவளர்ச்சி குன்றியவர்கள்" என்று முன்பு நாம் சொல்லிவந்தோமே, அவர்களைத்தான் இங்கே அப்படிக் குறிப்பிடுகிறார்கள்.

"அவர்களைப் பார்த்துக்கொள்ள அன்பு போதாதா? மூன்று வருடப் பட்டப்படிப்பு எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. அன்பு நிச்சயம் வேண்டும். ஆனால் பேச்சு வராத ஒருவர் திடீரென்று தன் தாடையில் அறைந்துகொள்ளத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அவர் சுபாவமே அப்படித்தான்" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிவிடக்கூடும். மருத்துவரும் அதையே நம்பிவிடக்கூடும். உண்மையில் அது பல்வலியாக இருக்கலாம், காதில் சீழாக இருக்கலாம். இப்படிக் குறைபாட்டின் நிழலில் நோய் மறைந்துபோவதால் உயிர்கள் போகின்றன. கவனியாமல் விட்ட மலச்சிக்கலால் இறந்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 20 வருடம் முன்னதாகவே மரிக்கிறார்கள். தக்க சிகிச்சை கிடைத்திருந்தால் அவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள்.

அந்த நிழலை விலக்கிப் பார்க்கவே இந்தப் பயிற்சி. படிப்பில் பாதி வகுப்பறையில் நடக்கிறது. உடலியல், மருந்துகள், இவர்களிடையே அதிகம் காணப்படும் வலிப்பு நோய், விழுங்குவதில் வரும் சிரமம் ஆகியவற்றைக் கற்றோம். ஒருவர் தாமே முடிவெடுக்க இயலுமா என்று தீர்மானிக்கும் 2005-ஆம் வருடச் சட்டத்தையும், சைகையும் படமும் கலந்த மக்காடன் முறையையும் கற்றோம். மறுபாதி செய்முறை. நாங்கள் படித்தபோது அது 2,300 மணி நேரம். சிறப்புப் பள்ளிகள், குடும்ப வீடுகள், பராமரிப்பு இல்லங்கள், மருத்துவமனைகள் என்று எங்களை அனுப்பினார்கள்.

அங்கே நாங்கள் முதலில் கற்ற பாடம், ஒருவர் நலமாயிருக்கும்போது எப்படி இருப்பார் என்று அறிந்துகொள்வது. அவர் எப்படித் தூங்குவார், எதை ரசித்துச் சாப்பிடுவார், சந்தோஷம் வந்தால் என்ன சத்தம் எழுப்புவார் என்பதையெல்லாம் எழுதிவைக்கிறோம். அதில் மாற்றம் கண்டால் நோயைத் தேடுகிறோம். அவரைப் பற்றிய முக்கியக் குறிப்புகளைத் தாங்கிய "ஆஸ்பத்திரி பாஸ்போர்ட்" ஒன்றும் அவருடன் போகும். ஊசிக்குப் பயந்து ஓடுபவரிடம் இரத்தம் எடுக்க வேண்டுமானால், முதல் நாள் அறையைக் காட்டுவோம். மறுமுறை நாற்காலியில் உட்காரவைப்போம். அதற்கடுத்த முறை கையில் பட்டி கட்டிப் பார்ப்போம். சிலருக்கு இதற்கே பல வாரங்கள் ஆகும். பொறுமையும் ஒரு சிகிச்சை முறை என்று அங்கே கண்டோம்.

ஆனால் இந்தப் பணிக்கு ஆட்கள் குறைந்துவருகிறார்கள். 2009-க்குப் பின் வந்த பத்து வருடங்களில், இங்கிலாந்தின் என்.எச்.எஸ். சேவையில் இப்பிரிவுச் செவிலியர் எண்ணிக்கை ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. மாணவர் சேராததால் சில பல்கலைக்கழகங்கள் இந்தப் படிப்பையே நிறுத்திவிட்டன. தகுதியுள்ள மாணவருக்கு வருடத்திற்கு 5,000 பவுன் உதவித்தொகையும், இப்பிரிவுக்கென்று கூடுதலாக 1,000 பவுனும் தரும் திட்டம் இங்கிலாந்தில் 2020-ல் தொடங்கியது. அதைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை.

பிரியமானவர்களே, இன்று நாங்கள் உங்களிடம் பணம் கேட்க வரவில்லை. இரண்டு காரியங்களையே கேட்கிறோம். ஒன்று, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நர்சிங் படிக்க விரும்பினால், இப்படியொரு பிரிவு இருப்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். மற்றொன்று, நம் சபைக் குடும்பங்களில் இத்தகைய பிள்ளை இருந்து, வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால், அந்தத் தாய் தகப்பனைப் போய்ப் பாருங்கள். இங்கே 14 வயது முதல் வருடந்தோறும் முழு உடல் பரிசோதனை இலவசமாகக் கிடைக்கும். குடும்ப மருத்துவரின் கற்றல் குறைபாட்டுப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். பெயர் இல்லையென்றால் அழைப்பு வராது.

 எங்களையும், நாங்கள் பராமரிப்பவர்களையும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.