நடவுக்குப் போக முடியாத வயதில்



வயதான காலத்தில் ஆளைத் தாங்குவது கோயிலும் பஜனையும்தான் என்று சொல்கிறார்கள். யாருடைய கோயில்? இந்தக் காவிரிப் படுகையில் நம் பாட்டிமார் குனிந்து நட்ட நெல்தான் கோயில் நிலத்துக் குத்தகையாகப் போனது. அவர்கள் நின்றது வெகுகாலம் வெளியேதான். திருப்புன்கூரில் நந்தனுக்காக நந்தி விலகியதாம். கல் விலகியது, ஆள் விலகவில்லை. தில்லைக்குள் போக அவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது.

அந்தத் தீ இங்கே மறுபடியும் மூண்டது. கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, 44 பேரை எரித்தார்கள்.

அதைக் கேள்விப்பட்டுக் கீழத்தஞ்சைக்கு வந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர். 1981இல் 'லாஃப்டி'யைத் தொடங்கும்போது வயது 55. மற்றவர்கள் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வயது. நிலக்காரர்களிடம் பேசி, வங்கிக் கடன் வாங்கி, ஆயிரக்கணக்கான கூலிக் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு ஏக்கர் என்று, பெண்கள் பெயரிலேயே எழுத வைத்தார். அவருக்குச் சாமி வள்ளலாரின் ஜோதி. கணவர் ஜெகந்நாதனோ எண்பதை ஒட்டிய வயதில் இறால் பண்ணைகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பும் வாங்கினார்.

காந்திய வழியில் நம்மில் பலருக்கு உடன்பாடில்லை. எனக்கும் முழுக்க இல்லை. பண்ணையாரின் மனம் கரையும் என்று காத்திருக்க நம்மிடம் அத்தனை தலைமுறை மிச்சமில்லை. ஆனாலும், பல் போன கிழவியும் பட்டாவில் பேர் இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தாளே, அதை எந்தக் கோயில் கொடுத்தது?

அம்பேத்கர் 65 வயதில், சர்க்கரை நோயும் கால் வலியுமாக, 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவினார். அதன்பின் எட்டு வாரம்கூட அவர் இருக்கவில்லை. தனக்கு மட்டும் முக்தி தேடிப் போனவரல்லர். லட்சக்கணக்கானவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

இன்று மகன் திருப்பூரில். அறுவடைக்கு மிஷின் வந்தாயிற்று. முதியோர் உதவித்தொகை மருந்துக்கும் வெற்றிலைக்கும் சரி. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிழவி ஜெபவீட்டுக்குப் போகிறாள். அங்கே பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், தலையில் கை வைக்கிறார்கள், ஒரு வாரம் வராவிட்டால் வீடு தேடி வருகிறார்கள். மதம் மாறிவிட்டாள் என்று கேலி செய்யும் நம் எழுத்தாளர்களைக் கேட்கிறேன்: நம் மன்றத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறோமா? நடவுப்பாட்டை மட்டும் அவளிடம் கேட்டு வாங்கி, நம் பேரில் புத்தகம் போட்டோம்.

அடுத்த கூட்டத்தை இந்த அரங்கில் வேண்டாம், சேரித் தெருவில், அவள் வீட்டு வாசலில் வைக்கலாம் என்று முன்மொழிகிறேன். தலைமையும் அவளே.